கீழ்ச்சிறுவேரி நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் ஊசி கோரி

அனுப்புநர்:
க. பாண்டுரங்கன்,
தபால்காரர், கிளை அஞ்சலகம்,
கீழ்ச்சிறுவேரி,
திண்டிவனம் வட்டம், தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு கால்நடைத் துறை அதிகாரி அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்களை வெறிநாய் என்று கொல்வதை நிறுத்தவும், ஊசி மருந்து அனுப்பவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இது என் மூன்றாவது மனு. முன்னிரண்டையும் நானே முத்திரை குத்தி, நானே பையில் கட்டி அனுப்பினேன். ஆகவே வழியில் தவறியிருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தங்களுக்கு வேலை மிகுதி என்றே எண்ணிக்கொள்கிறேன்.

1. ஆடி மாதம் தொடங்கி எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள மூன்று குடியிருப்புகளிலும் நாய்கள் தீனி எடுக்காமல் சுருண்டு படுக்கின்றன. ஈறு வெளுத்துப் போகிறது. சிறுநீர் காப்பி டிக்காக்ஷன் நிறத்தில் போகிறது. பின்னங்கால் தள்ளாடி நாலைந்து நாளில் செத்துவிடுகின்றன. கடிதம் கொடுக்கப் போகும் வீடுகளில் நான் பார்த்தே இருபத்தாறு செத்திருக்கின்றன. எங்கள் ஊர்க் கால்நடை கிளை நிலையம் தை மாதம் முதல் பூட்டிக் கிடக்கிறது.

2. அடுத்ததை எழுதக் கை வரவில்லை. முந்தைய மனுக்களில் இதை விட்டுவிட்டேன். ஆவணி முதல் வாரம், ஜெயம்மாள் என்ற கைம்பெண்ணுக்கு மணியார்டர் கொடுக்கப் போனேன். பதினான்கு ஆடுகள்தான் அவர் பிழைப்பு. பட்டிக்குக் காவல் இருந்த அவருடைய நாய் வாயில் எச்சில் ஒழுக, தள்ளாடிக்கொண்டு என் பக்கம் வந்தது. சிறு வயதில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவன் நான். பயத்தில் “வெறிநாய், வெறிநாய்” என்று கத்திவிட்டேன். பக்கத்துக் களத்திலிருந்து சின்னதுரையும் இன்னும் இருவரும் தடியோடு ஓடி வந்தார்கள். “அது சோறு துன்னு மூணு நாளாச்சிங்க, காலு நிக்கல. யாரையும் கடிக்காது, வுட்டுடுங்க” என்று ஜெயம்மாள் குறுக்கே நின்று சொன்னார். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதை அங்கேயே அடித்துக் கொன்றார்கள். அதன் பிறகு, என் பேச்சை வைத்து மேலும் ஐந்து நாய்களையும்.

3. பத்து நாள் கழித்து என் பக்கத்து வீட்டு வெங்கடாசலத்தின் நாயும் அதே மாதிரி படுத்தது. அதைக் கூடையில் வைத்து சைக்கிளில் கட்டி, பதினாறு கிலோமீட்டர் மிதித்துத் திண்டிவனம் கொண்டு போனேன். டாக்டர் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பு அணுக்களுக்குள் சோடி சோடியாக ஏதோ இருந்தது. “வெறி இல்லீங்க. உண்ணி கடிச்சி ரத்தத்துல பூந்துக்கினு இருக்குது. ஊசி போட்டா பொழைச்சிக்கும்” என்றார். இருந்த கடைசி மருந்தைப் போட்டார். அந்த நாய் இன்று எழுந்து நடமாடுகிறது.

4. அன்று மாலையே ஜெயம்மாளிடம் போய்ச் சொன்னேன். காவல் இல்லாத பட்டியிலிருந்து அதற்குள் இரண்டு ஆட்டுக்குட்டிகளை நரி கொண்டுபோயிருந்தது. “நான் சொன்னப்ப எங்க போயிருந்துச்சி உங்க காது?” என்று மட்டும் கேட்டார்.

5. வருகிற திங்கட்கிழமை தெருவில் விஷக் கறி வைப்பதாக ஊரில் முடிவு செய்திருக்கிறார்கள். வெறிநோய் உண்டு, அதற்குப் பயப்படத்தான் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எது வெறி, எது உண்ணிக் காய்ச்சல் என்று பார்த்துச் சொல்ல இங்கே ஆள் இல்லை என்பதே என் முறையீடு. நான் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. கத்தியபோது மட்டும் நம்பினார்கள்.

எனவே திங்களுக்கு முன் ஒரு மருத்துவரை அனுப்பி ரத்தம் பார்க்கவும், ஊசி மருந்தும் ஆடு மாடுகளுக்கு உண்ணித் தூளும் வழங்கவும், கிளை நிலையத்துக்கு ஆள் போடவும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெயம்மாள் இப்போது வானூரிலிருந்து ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்து வளர்க்கிறார். தினமும் அதன் காதிலிருந்து உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுகிறார். நேற்று தபால் கொடுக்கப் போனபோது, “இதுக்காவது ஊசி வருமான்னு எழுதிக் கேளுங்க” என்றார். அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். என்ன பதில் கொண்டுபோவது என்று தாங்கள்தான் எனக்குத் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
க. பாண்டுரங்கன்

இடம்: கீழ்ச்சிறுவேரி
நாள்: 17.9.1986