எந்த மூடை?

நிந்தவூர்
3 ஜூலை 2025

அன்புள்ள மேர்சியா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை. காய்ச்சல் தடிமன் ஒன்றும் கிடையாது, வெறும் அருவருப்பு. நம்முடைய 'அவணம்' நிரல் மொழிக்கு வந்து குவிகிற திருத்தங்களைப் பார்த்துப் பார்த்து வந்த அருவருப்பு. ஒருவர் ஒரு காற்புள்ளியை இடம் மாற்றிவிட்டுப் பங்களிப்பாளர் வரிசையில் பெயர் கேட்கிறார். இன்னொருவர் செயற்கை அறிவிடம் எழுதி வாங்கியதைத் தானே வாசிக்காமல் அனுப்பியிருக்கிறார், "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்ற அதன் கடைசி வரியும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நேற்று றபீக்கா சாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன புள்ள இது, எந்த நாளும் இதையே திருத்திக்கிட்டு இரிக்காய்? இன்னும் செஞ்சி முடியல்லயா?" என்று கேட்டார். "இதுக்குத் தொகுப்பி எண்டு பேர் சாச்சி. நாம எழுதுறத மெஷினுக்கு விளங்குற மாதிரி மாத்திக் குடுக்கும். பிழையா எழுதினா மாத்தமாட்டன் எண்டு நிண்டுக்கும்" என்றேன். "அப்ப உன்னப் போலதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்படி நின்றுகொள்கிற குணத்தைத்தான் நீ இப்போது எடுத்துவிடச் சொல்கிறாய். மீராசாஹிபு மாமாவின் மில்லில் நெல் உலர்த்தும் இயந்திரத்துக்காகத்தானே இந்த மொழியைத் தொடங்கினோம்? பச்சை நெல்லும் ஒரு மூடை, காய்ந்த நெல்லும் ஒரு மூடை. ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே சாக்கு. பச்சைக்குக் கொடுக்கிற சூட்டைக் காய்ந்த நெல்லுக்குக் கொடுத்தால் முளை செத்துப்போகும். அதனால் இரண்டையும் கூட்டி யாராவது நிரல் எழுதினால் நம் தொகுப்பி 'எந்த மூடை?' என்று கேட்டுவிட்டு நிற்கும். அந்தக் கேள்வியை எழுதியவளே நீதான். நான் வாசித்து, கைதட்டி, ஒப்புதல் தந்தேன். எடுக்க ஒப்புதல் தரமாட்டேன். கோபிக்காதே.

உன்
ஹுஸ்னியா


மெல்பேர்ன்
14 ஜூலை 2025

என் அன்புத் தோழி ஹுஸ்னியாவுக்கு,

உன் கடிதம் வாசித்துச் சிரித்தேன். சாச்சிக்கு என் முத்தங்கள். இங்கே நல்ல குளிர். கை விறைத்துப்போய்த்தான் இதைத் தட்டுகிறேன்.

நீ நினைக்கிற மாதிரி இது சின்ன விடயமில்லை. இப்போது அவணத்தைப் பாவிக்கிறவர்கள் நெல் மில்காரர்கள் மட்டுமில்லை. எல்லோருடைய முறைப்பாடும் ஒன்றுதான்: "மூடை என்றால் மூடைதானே, இது ஏன் குறுக்கே நின்று கேள்வி கேட்கிறது?" புதிதாக வருகிறவன் முதல் நாளே இந்தக் கேள்வியில் முட்டிக்கொண்டு திரும்பிப் போகிறான். செப்டம்பரில் இங்கே பெரிய மாநாட்டில் நம் மொழியைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேடையில் அது தடக்கி நின்றால் நம் இரண்டு பேருக்கும்தான் வெட்கம். கொஞ்சம் யோசி.

ஒரு உதவி. சொறிக்கல்முனைப் பக்கம் போனால் அப்பாவை ஒருக்கால் பார்த்துவிட்டு வா. அம்மா போன பிறகு மனிதர் தனியாகத்தான் இருக்கிறார். இந்த முறையும் நெல்லை ரோட்டில் காயப்போட்டுவிட்டு, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வெயிலில் நிற்பார். சொன்னால் கேட்கமாட்டார்.

மாறாத அன்புடன்,
மேர்சியா


நிந்தவூர்
10 ஆகஸ்ட் 2025

மேர்சியா,

அப்பாவைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். இளநீர் வெட்டித் தந்தார். உன் மாநாட்டைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அறுவடை முடிந்ததும் விதைநெல்லை மாமாவின் மில்லுக்கே கொண்டுவருவதாகச் சொன்னார், "மகள்மார் செஞ்ச மெஷின்தானே" என்று.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால், புதிய பதிப்பு வெளியாகிக் கிடக்கிறது. 'எந்த மூடை?' அதில் இல்லை. எல்லா மூடையையும் தொகுப்பி பச்சை மூடை என்று தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஒப்புதல் தந்தவர் என்ற இடத்தில் உன் பெயர். எழுதியவர் என்ற இடத்திலும் உன் பெயர்.

ஒருத்தி எழுதினால் மற்றவள் வாசிக்க வேண்டும் என்று கம்பஸ் கன்டீனில் உட்கார்ந்து நாம் வைத்த ஒரே விதி இதுதான். வெளியிடும் திறவுகோல் உன்னிடம் இருக்கிறது என்பதற்காக, நான் நித்திரையாக இருக்கும்போது பின்கதவால் போயிருக்கிறாய். கீழே ஒரு கும்பல் கைதட்டியிருக்கிறது. கைதட்டியவர்களில் ஒருவர்கூட அதை வாசிக்கவில்லை, வாசித்திருந்தால் அந்த 'பச்சை' எங்கிருந்து வந்தது என்று கேட்டிருப்பார்கள். எனக்கு அருவருப்பாக இருக்கிறது, மேர்சியா. வேறு நல்ல சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

ஹுஸ்னியா


மெல்பேர்ன்
18 ஆகஸ்ட் 2025

அன்பு ஹுஸ்னியா,

உன் கோபம் விளங்குகிறது. நீ எப்போதும் இப்படித்தான், அதனால்தான் உன்னை எனக்குப் பிடிக்கும்.

கேள்வியை நான் கொல்லவில்லை. அமைப்பில் ஒரு வரி எழுதினால் அது திரும்ப வரும். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம். வேண்டாதவர்களை நாம் ஏன் வருத்த வேண்டும்? எல்லாப் பெரிய மொழிகளும் இப்படித்தான் வளர்ந்தன. உன்னிடம் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாய், மாநாடும் போயிருக்கும். முடிந்ததைப் பேசி என்ன?

அப்பா உன்னைப் பற்றியே கதைத்தார். நீ கொண்டுபோன தொதல் நல்ல ருசியாம். எனக்கும் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

உன் மேர்சியா


நிந்தவூர்
6 நவம்பர் 2025

மேர்சியா,

மாநாட்டுப் படங்கள் பார்த்தேன். சேலை அழகாக இருந்தது. பதில் எழுத மனம் வராததால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

மில்லில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸப்ரியை உனக்குத் தெரியும். செப்டம்பரில் ஒரு விவசாயி விதைநெல் கொண்டுவந்தார். பெரும்பங்கு ரோட்டில் காயப்போட்டு எடுத்தது, கடைசியாக ஏற்றிய கொஞ்சம் மட்டும் வயலிலிருந்து நேரே வந்த பச்சை. ஒருவருடைய நெல்தானே என்று இரண்டையும் சேர்த்துப் போட ஸப்ரி நிரலில் ஒரு வரி கூட்டினான். தொகுப்பி வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பச்சை என்று எடுத்து, காய்ந்த நெல்லைப் பச்சை நெல்லின் சூட்டில் அவித்துத் தள்ளியது.

நெல் வெளியே வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போன கிழமை அவர் அதை ஊறப்போட்டு முளை கட்டினார். சாக்கை அவிழ்த்தபோது நானும் அங்கே நின்றேன். அங்கொன்று இங்கொன்றைத் தவிர முளையே இல்லை. கைவிட்டால் வழுவழுவென்று ஒட்டுகிறது. செத்த எலியின் நாற்றம். வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவிப் பார்த்தேன், இன்னும் கையில் இருக்கிறது. விவசாயிகளின் கன்னாக் கூட்டத்தில் குறித்த விதைப்பு நாள் போய்விட்டது. சுற்றிவரப் பச்சை தெரிகிறது, அவருடைய வயல் மட்டும் வெறும் சேறு.

ஸப்ரி என் முன்னால் நின்று அழுதான். "பழசு எண்டா எந்த மூடை எண்டு கேட்டு நிண்டிருக்கும் றாத்தா. புதுசு ஒண்டும் கேக்கல்ல. அப்ப சரிதான் எண்டு நினைச்சிட்டன்." நானும் எச்சரித்து அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், உன்மீதுள்ள கோபத்தில் அவணத்தையே திறக்காமல் இருந்துவிட்டேன்.

கேள்வியைத் திரும்பப் போடு. என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெளிவாக எழுது. வேறு மில்களிலும் நெல் போயிருக்கலாம்.

ஹுஸ்னியா


மெல்பேர்ன்
10 நவம்பர் 2025

அன்பு ஹுஸ்னியா,

மிகவும் கவலையாக இருக்கிறது. அந்த விவசாயிக்கு என் அனுதாபத்தைச் சொல்லு. இந்த முறை அப்பாவுக்கும் விதைப்பு சரிவரவில்லை. விதைத்ததை மழை கொண்டுபோய்விட்டதாம். பாவம், வயதான காலத்தில்.

கேள்வியை உடனே திரும்பப் போடுவது கடினம். மாநாட்டில் பார்த்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறைய. ஆனால் நீ சொன்னதற்காக இன்று காலை ஒரு அறிவித்தல் போட்டிருக்கிறேன்: "சில பயனர்கள் நெல் அளவுகளைக் கவனக்குறைவாகக் கையாண்டதால் எதிர்பாராத விளைவுகள் ஏற்பட்டுள்ளதாக அறிகிறோம். அனைவரும் கவனமாக இருக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

இது போதும் என்று நினைக்கிறேன். யாரையும் நோகடிக்காமல் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
மேர்சியா


நிந்தவூர்
11 நவம்பர் 2025

மேர்சியா,

உன் அறிவித்தலை ஸப்ரியும் நானும் வாசித்தோம். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

முளைக்காத நெல்லின் நாற்றத்தை என்னால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை எடுத்துவிட்டு, கேட்கவில்லையே என்று அடுத்தவனைக் குற்றம் சொல்கிற இந்த வழுவழுப்பு, 'அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்ற இந்தச் சீனிப்பாகு. நானும் நீயும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் என்று நினைக்கவே அருவருப்பாக இருக்கிறது.

ஒருவருக்குக் கொடுத்த வாக்கை இப்போது மீறப் போகிறேன். சாக்கை அவிழ்த்த அன்று அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மகள், அவளுக்கு எழுதிப்போடாதீங்க. புள்ள அங்க தனிய இரிக்காள். மழை வந்து அள்ளிற்றுப் போன எண்டுதான் நான் சொல்லி வச்சிரிக்கன்."

சொறிக்கல்முனையில் இந்த முறை விதைநெல்லை அடித்துக்கொண்டு போகிற மழை பெய்யவில்லை. நீ அனுதாபம் சொல்லச் சொன்ன அந்த விவசாயி வேறு யாருமில்லை. உன் அப்பா.

ஹுஸ்னியா


மெல்பேர்ன்
19 நவம்பர் 2025

ஹுஸ்னியா,

எட்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

அப்பாவுக்கு டெலிபோன் எடுத்தேன். வயலைப் பற்றிக் கேட்டேன். "மழை மகள், மழைதான் கொண்டுபோயிற்று" என்றார். "எந்த மழை அப்பா?" என்றேன்.

வீதியில் ஒரு மோட்டார்சைக்கிள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சாப்பிட்டியா மகள்?" என்றார். ஓம் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

அறிவித்தலை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி, பிழை என்னுடையது என்று பெயர் போட்டிருக்கிறேன். திறவுகோலை உனக்கு மாற்றியாயிற்று. என் பெயரை எடுத்துவிடு. இனி அதைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை. நீ தனியாகவே நன்றாகச் செய்வாய்.

மேர்சியா


நிந்தவூர்
20 நவம்பர் 2025

மேர்சியா,

திறவுகோல் கிடைத்தது. நீ எழுதியதையும் வாசித்தேன். ஆறுதல் சொல்வேன் என்று பார்த்திருந்தால் ஏமாந்துபோவாய். என் அருவருப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த போகத்துக்குள் போகுமா என்றும் தெரியாது. குப்பையைக் கொட்டிவிட்டு, 'எனக்கு யோக்கியதை இல்லை' என்று கையைத் தட்டிக்கொண்டு எழும்பிப் போவது அதைவிட அசிங்கம்.

மீராசாஹிபு மாமா தன் விதைநெல்லில் ஒரு பங்கை அப்பாவுக்குக் கொடுத்தார். ஸப்ரிதான் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினான். நேற்று விதைத்தார்கள். பிந்திய விதைப்பு, என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. நீ கேட்ட கேள்வியிலிருந்தே, நான் உனக்கு எழுதிவிட்டேன் என்று அப்பா தெரிந்துகொண்டார். இந்த முறை இளநீர் வெட்டவில்லை.

உன் பெயரை எடுக்கவில்லை. 'எந்த மூடை?' என்ற கேள்வியை இன்று காலை திரும்ப எழுதி முடித்தேன். திறவுகோல் என் கையில் இருப்பதால் இப்போதே வெளியிட என்னால் முடியும். அதைத்தான் நீ செய்தாய், நான் செய்யமாட்டேன். ஒருத்தி எழுதினால் மற்றவள் வாசிக்க வேண்டும். நீ வாசித்து ஒப்புதல் தரும்வரை அது அப்படியே கிடக்கும், மாமாவின் இயந்திரமும் நின்றபடியே நிற்கும். அவருக்கும் சொல்லிவிட்டேன்.

நான் எழுதியதில் ஒரு பிழை வைத்திருக்கிறேன், வேண்டுமென்றே. அதைக் காணாமல் ஒப்புதல் தந்தாயானால் இதுவே என் கடைசிக் கடிதம். கண்டுபிடித்தால் எந்த வரி என்று எழுது.

ஹுஸ்னியா