நாங்கள் நிற்கும் இடம்

செவ்வாய்க்கிழமை, இரவு

உள்ளங்கை சிராய்ந்திருக்கிறது. எழுத்து கோணலாகத்தான் வருகிறது.

சாயங்காலம் கம்பெனி விட்டு நானும் மேரியும் வழக்கம்போலத் தண்டவாளத்தைக் கடக்க வந்தோம். கோவை ரயில் வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று எப்போதும் நிற்கும் இடத்திலேயே நின்றேன். அங்கேதான் இப்போது மூன்றாவது லைன் போட்டிருக்கிறார்கள். போட்டதிலிருந்து அது சும்மாதான் கிடந்தது. அதனால் எல்லோரும் அதன்மேலேயே நின்று பழகிவிட்டோம்.

ரயில் கடகடவென்று போய்க்கொண்டிருந்தபோது மேரி என் பையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, பின்னால வா! இதுலயும் வருது!"

சரளைக்கல்லில் விழுந்தேன். நான் நின்ற இடத்தில் ஒரு தனி இன்ஜின் போனது. ரயில் சத்தத்தில் அதன் ஹாரன் காதிலேயே விழவில்லை.

"புது லைன்ல இன்னையில இருந்துதானுங்க ஓட்டிப் பாக்கறாங்க" என்றார் டீக்கடைக்காரர். அதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

என் வீட்டுக்காரருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். செல்போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எத்தனை முறை கூப்பிட்டாலும் மணிதான் அடிக்கிறது. விடியும் முன்பே, இருட்டில், அந்த வழியாகத்தான் வருவார். டார்ச்சை எடுத்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அலாரம் அடித்ததும் நானே போய் நிற்க வேண்டும். தூங்கிவிடக் கூடாது.

ரயில் வந்தால் அவர் அங்கேதான் ஒதுங்குவார். கல்யாணமாகி அவர் இந்த ஊருக்கு வந்த புதிதில், "இங்க நின்னுக்கங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்று அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவளே நான்தான்.