பட்டணத்துத் துண்டு

பசறை,
1919, ஆவணி மாதம்.

என் மகன் அழகருக்கு அப்பா வீரய்யா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி ஜெயலெட்சுமியும் கடவுள் புண்ணியத்தில் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் தேறியிருக்கிறது, புதுக் கோட்டும் காலில் சப்பாத்தும் போட்டிருக்கிறாய். உன் அம்மா அதை லயத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். நான் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அனுப்பும் பணத்தில் சாப்பாட்டுக்கே இழுபறி என்று போன மாதம் எழுதியவனுக்குக் கோட்டு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன், அடுத்த தபாலில் கோட்டுக் கொடுத்த ரெங்கசாமி முதலாளி கதை வந்தது.

இங்கே மழை விடவில்லை. பசறை ரோட்டில் மண் சரிந்து, இஞ்சினுக்குச் சொல்லியிருந்த புதுத் தோல் பட்டி பண்டாரவளையிலேயே கிடக்கிறது, பழையதையே தைத்து ஓட்டுகிறேன், தேயிலை ரோலர் நிற்கும்போதெல்லாம் மழையை நான்தான் கொண்டுவந்தேன் என்பதுபோல் தோட்டத்துத் துரை கத்துகிறார். ஜெயலெட்சுமிக்குக் காய்ச்சல் வந்து தேறிவிட்டாள். வேறு செய்தி இல்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

அங்கே பட்டணத்துக் கல்லூரியில் உன்னை வெளிநாட்டுப் பிள்ளை என்று எழுதிக்கொண்டு இரட்டைக் கட்டணம் கேட்கிறார்கள், அதைக் கட்ட என்னால் முடியவில்லை, இதில் மறைக்க ஒன்றும் இல்லை. பதுளையில் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் நம்மை இந்தியாக்காரன் என்கிறார்கள், அங்கே இந்தியாவுக்குப் போனால் சிலோன்காரன் என்கிறார்கள், காசு மட்டும் இரண்டு பக்கமும் நம்மிடமே கேட்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்கிறாய். அந்த நேரம் பார்த்து, பட்டணத்தில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் ரெங்கசாமி முதலாளி உன் கெட்டிக்காரத்தனத்தைக் கேள்விப்பட்டு முழுக் கட்டணத்தையும் தானே கட்டுகிறாராம், படித்து முடித்துத் தன்னிடம் ஐந்து வருஷம் வேலை செய்தால் போதும் என்கிறாராம். உன் கெட்டிக்காரத்தனத்தை நான் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன், கேள்விப்பட்டவுடன் ஒரு வியாபாரி பெட்டியைத் திறக்கிற அளவுக்கு அது பெரிசில்லை. கோபப்படாதே.

நீ நகலெடுத்து அனுப்பிய ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரெங்கசாமி அவர்களுக்கோ அவர் கைமாற்றிக் கொடுக்கும் எவருக்குமோ உழைத்துத் தீர்ப்பேன் என்று ஒரு வரி. கைமாற்றி என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். உன் தாத்தா துண்டில் இருந்தவர். நான் பட்டறையில் தொழில் பழகப் போனதே அதிலிருந்து தப்பத்தான். ஒருவன் பேரில் உள்ள கடனை எந்தத் தோட்டம் கட்டுகிறதோ அந்தத் தோட்டத்துக்கு அவன் போயாக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. தாத்தாவை மடுல்சீமையிலிருந்து பூனாகலைக்கு மாற்றியபோது யாரும் அவரைக் கேட்கவில்லை, துண்டு முன்னால் போனது, அவர் பின்னால் போனார். வந்த புதிதில் அவருக்குக் குளிருக்கென்று ஒரு கம்பளி கொடுத்தார்கள், சும்மா கொடுத்தது என்று போர்த்திக்கொண்டார், அது கடனில் ஏறியிருந்தது பிறகுதான் தெரிந்தது. உன் கோட்டும் அந்தக் கம்பளிதான்.

என் கண்ணை மட்டும் நம்பாமல் பொன்னையா கங்காணியிடம் போய் வாசித்துக் காட்டினேன், இந்த மாதிரிச் சீட்டுகள் அவர் கையில் எத்தனையோ போயிருக்கும். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். இது நம்ம துண்டுதானய்யா, பட்டணத்துல நல்ல தாளா பாத்து எழுதிருக்கான், அம்புட்டுத்தான் வித்தியாசம், நான் செஞ்சா கங்காணி ஏமாத்துறான்னு ஊரே கூடுது, அவன் செஞ்சா முதலாளியா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நான் வேணா கட்டுறேன், தாளும் வேணாம் ஒண்ணும் வேணாம், பய நல்லாருந்தாப் போதும் என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். தாள் கேட்பவரைப் பார்த்தே எனக்குப் பயம், தாளே வேண்டாம் என்பவரிடம் நாளைக்கு எதைக் காட்டிப் பேசுவது.

உன் அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பிள்ளைக்கு ஒரு புண்ணியவான் கெடச்சா அவரையும் இஞ்சின் மாதிரி கழட்டிப் போட்டுப் பாக்கணுமா ஒங்களுக்கு, நீங்களும் கட்ட மாட்டீங்க, கட்டுறவரையும் விட மாட்டீங்க என்று சொன்னதுதான் கடைசி. அவள் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் நீ இஞ்சினியராக வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் ஆசை. யாரோ வரைந்த இயந்திரத்தை இருபது வருஷமாக நான் துடைக்கிறேன், நீயாவது வரைய வேண்டும். அதற்காக ரெங்கசாமி தன் பட்டறையை விற்கும்போது சாமானோடு சாமானாக நீயும் போகக் கூடாது.

ஆகவே இப்படிச் செய். முதலில் கோட்டையும் சப்பாத்தையும் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று அவர் கையால் எழுதி வாங்கு. பிறகு அந்தக் கைமாற்று வரியை மட்டும் அடித்துத் தரச் சொல். நேர்மையான மனிதர் என்றால் அதில் அவருக்கு நஷ்டம் இல்லை. அடித்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடு, ஐந்து வருஷமும் நாணயமாக வேலை செய், சந்தேகப்பட்டதற்கு அவரிடம் நானே எழுதி மன்னிப்புக் கேட்கிறேன். மறுத்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறித் தலைமன்னார் வந்து சேர். படிக்கப் போனவன் பாதியில் வந்துவிட்டான் என்று பசறைக் கடைவீதியில் பேசுவார்கள், பேசட்டும்.

கடைசியாக ஒன்று, இதை எழுதத்தான் கை வரவில்லை. கையெழுத்துப் போடலாமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். எந்த இயந்திரப் படத்தையும் ஒரு கோடு விடாமல் நகலெடுக்க உன்னைப் பழக்கியவன் நான். இதிலும் நீ ஒன்றையும் விடவில்லை, அடியில் சாட்சியின் பெயரையும் தேதியையும்கூட எழுதியிருக்கிறாய். கையெழுத்தே விழாத தாளில் சாட்சிக்கு என்ன வேலை. அந்தத் தேதி நீ எனக்குக் கடிதம் எழுதிய தேதிக்கு முந்தியது. போட்டுவிட்டாயானால் ஒளிக்காதே, நான் திட்ட மாட்டேன். அங்கே வரத் துரையிடம் லீவு கேட்டேன், இஞ்சினை யார் பார்ப்பது என்று குதித்தார், வேறு ஆளை வைத்தாலும் வைப்பார், வைத்துக்கொள்ளட்டும். உன்னை இன்னொருவருக்குக் கைமாற்றுவதற்கு முன்னால் நான் வந்து அந்த மனிதர் எதிரில் உட்கார்ந்தாக வேண்டும்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. நாங்கள் கும்பிடும் சாமி உனக்குத் துணையிருக்கட்டும். இது கிடைத்தவுடன் தந்தி கொடு, போட்டேன் அல்லது போடவில்லை, ஒரு சொல் போதும், அது உண்மையாக இருக்கட்டும். தோட்டத்து விலாசத்துக்கு அனுப்பாதே, யாராவது உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிடுவார்கள். பசறைத் தபால் கந்தோருக்கு அனுப்பு, நானே தினமும் போய்க் கேட்கிறேன்.

உன் நன்மையே வேண்டும்
அப்பா வீரய்யா