கொடியில் கட்டிய துளிர்

அன்பு மகள் லோவீனாவுக்கு அப்பா எம்போகோ எழுதுவது.

எழுத்துகள் தாய்ப்பன்றியும் குட்டிகளும் போல ஒழுங்கில்லாமல் ஓடுகின்றன. பொறுத்துக்கொள். ஆனால் இந்த வயதில் எழுதப் பழகி, முழுக்க நானே எழுதியது. உன் பெயரை எழுதியதும் சந்தோஷம் தாங்காமல் உன் அம்மாவிடம் காட்டினேன். "இதுவா நம்ம பொண்ணு? இப்படி எளைச்சுப் போயிட்டாளே!" என்று சிரித்தாள்.

வயிற்றுப் பிள்ளை நலம்தானே? இங்கே சேம்பு நன்றாக விளைந்திருக்கிறது.

ஓடைக்கரைக் காட்டில் விஷக்கொடி ஏறிய மரம் நினைவிருக்கிறதா? அந்தப் பெரிய பழுப்புப் பெண் பட்டாம்பூச்சி, இரண்டு கையாலும் மறைக்க முடியாதே, அது வந்து இலையடியில் முட்டையிட்டுப் போனது. கறுப்புப் புழு வந்தது. சிவப்பு முட்கள், நடுவில் வெளிர்மஞ்சள் பட்டை. அந்தக் கொடியைத் தவிர எதையும் தொடாது. கடைசியில் தண்டையும் சுற்றிக் கடித்துவிட்டுக் கூடாகித் தொங்குகிறது. உள்ளே இருப்பது நீலப்பச்சை ஆணோ, பழுப்புப் பெண்ணோ, தெரியவில்லை.

எண்ணெய்ப்பனை வைக்கக் காடு வெட்டுகிறவர்கள் ஓடைவரை வந்துவிட்டார்கள். அதனால் தொடாதே என்பதற்கு அடையாளமாக நம் குலச் செடியின் துளிரை அந்தக் கொடியில் கட்டினேன். நம் ஆட்கள் பார்த்தால் விலகிப் போவார்கள். மீறினால் உடம்பு வீங்கும் என்று தெரியும். ரம்பக்காரனோ மலைநாட்டான், நம் வழக்கம் தெரியாதவன். "யோவ் பெருசு, கீரையைக் காயப்போட்டியே, பானை எங்க?" என்று பிய்க்க வந்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். "என்கிட்ட ஏன் மல்லுக்கு நிக்கிற? மேஸ்திரிகிட்ட சொல்லு. திங்கக்கிழமை இது விழுந்துடும்" என்றான்.

மேஸ்திரி யார் என்று விசாரித்தேன். உன் வீட்டுக்காரர்.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. வீக்கம் ரம்பம் பிடித்தவனோடு நிற்குமா? வெட்டச் சொன்னவரையும் தேடி வருமா? அவருடைய பிள்ளையை... கட்டியவன் நான்தானே, அவிழ்த்துவிடலாம் என்று போனேன். விரல் பட்டதும் கூடு அசைந்தது. உயிரோடு இருக்கிறது, மகளே. அவிழ்க்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

மாமனார் மருமகன் பெயரைச் சொல்லக்கூடாது, முகம் பார்த்துக் கேட்கவும் கூடாது. அதனால் இந்தத் தாளுக்குள் ஒரு துளிர் மடித்து வைத்திருக்கிறேன். திங்களுக்கு முன் அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வை. ஒன்றும் பேசாதே. பக்கத்து ஊர்ப் பிள்ளைதானே, என் எழுத்தைவிட இதை நன்றாக வாசிப்பார். வேலைக்கு ஆபத்து என்று அவர் சொன்னால், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கு முதலில் சொல்லி அனுப்பு, போதும். மரம் விழுமுன் ஓடிப்போய் என் கையாலேயே அவிழ்த்துவிடுகிறேன்.

நீயும் பிள்ளையும் நோயில்லாமல் இருக்க வேண்டும். அடுத்த வாரமும் எழுதுவேன், சிறகு விரித்த கதையை எழுதத்தான் ஆசை. உன் கால் வீங்கியிருந்தால் மறைக்காதே. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது வழக்கம்தான் என்கிறாள் உன் அம்மா. இருந்தாலும் எழுது.

உன் அப்பா,
எம்போகோ