வேருக்கு இடமில்லாத படிவம்

ஜூன் 4

நாலாயிரம் கொய்யா ஒட்டுக்கன்றுகள் நிழல்வலைக்குக் கீழே தயாராக நிற்கின்றன. ஒன்றைக்கூட விற்க முடியாது. அதிகாரி வந்து எண்ணிய பிறகுதான் நர்சரிக்கு மானியம். எண்ணும்போது குறைந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. மழை வேறு ஆரம்பித்துவிட்டது.

தொப்பிக்காரர் வந்தார். பத்து வருடமாக எங்களிடம் கன்று வாங்குபவர். அறுநூறு வேண்டுமாம், குழி எல்லாம் வெட்டிவிட்டார்.

"இன்னும் எண்ணலைண்ணே."

"எண்ணுறதுக்கு என்னம்மா, ஓடியா போயிடும்?"

வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

ஜூன் 19

தோட்டக்கலை அலுவலகத்துக்கு மூன்றாவது நடை. "சார் மீட்டிங்ல இருக்கார்."

ஜூலை 2

ஒரு பையைத் தூக்கினேன், அசையவில்லை. வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரையில் இறங்கியிருக்கிறது. பிடுங்கிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வேர் சும்மாடு மாதிரி சுருண்டு கிடக்கிறது. இந்தக் கன்று இரண்டு வருடம் ஜம்மென்று வளரும். காய் பிடிக்கிற நேரத்தில் வேர் தன்னையே நெரித்துக்கொள்ளும். வாங்கினவன் மண்ணைத் திட்டுவான், தண்ணீரைத் திட்டுவான்.

பெரிய பைக்கு மாற்றலாம் என்றேன். என் வீட்டுக்காரர் மானிய விண்ணப்ப நகலை எடுத்து நீட்டினார். பை அளவு ஐந்துக்கு எட்டு அங்குலம்.

"மாத்தினா கேள்வி கேப்பாங்க. அப்புறம் எல்லாம் அம்போதான்."

வலை, குழாய், ஒட்டுக் கட்டின கூலி எல்லாமே கடன். எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன். ச்சே, என்ன பொழப்பு இது?

ஜூலை 11

தண்ணீரைக் குறைத்திருக்கிறேன், வளராமல் இருக்கட்டும் என்று. செடி வளர்க்கிறவள் செய்கிற வேலையா?

ஆகஸ்ட் 6

ஒருவழியாக அதிகாரி வந்தார். வரிசைகளை எண்ணினார், ஒரு பையை டேப் வைத்து அளந்தார், படம் எடுத்தார். வேரைப் பார்க்கவில்லை. படிவத்தில் அதைப் பற்றிக் கேள்வியே இல்லை.

"எல்லாம் கரெக்டா இருக்கும்மா. உங்களுக்கு ஒதுக்கின பட்டியல்ல இருக்கிற விவசாயிங்க வாங்கிக்கிட்டாங்கன்னு கையெழுத்து குடுத்தா போதும், பணம் ஏறிடும்."

பட்டியலில் முதல் ஆள் தொப்பிக்காரர்.

ஆகஸ்ட் 9

அவர் வண்டியோடு வந்தார். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். ஒரு பையைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். மூணாவது வருஷம் நிக்காதுண்ணே, சுருண்ட வேரை வெட்டிட்டு நட்டா பாதிதான் பொழைக்கும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"பாதி பொழைச்சு எனக்கு என்னம்மா ஆகப்போவுது? அறுநூறு குழியிலயும் செடி நிக்கணும். மாசக் கடைசியில எண்ண வர்றாங்க. எனக்கு வரவேண்டிய தோட்ட மானியத்தை நம்பித்தான் போர்வெல் போட்டிருக்கேன்."

"வேற நர்சரியில வாங்கிக்குங்கண்ணே."

"எனக்கு உங்க நர்சரியைத்தான் ஒதுக்கியிருக்காங்க. மாத்தணும்னா அடுத்த வருஷம்தான்."

பட்டியலை எடுத்துவந்து நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அறுநூறையும் ஏற்றினோம்.

வீட்டுக்காரரிடம் சொன்னால் திட்டுவார். சொல்லவில்லை.

செப்டம்பர் 3

பட்டியலில் இருந்த மற்றவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், பணம் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் நன்றாகத் தூங்குகிறார்.

செப்டம்பர் 20

தொப்பிக்காரரின் தோட்டத்தை மாதிரித் தோட்டமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரு குழிகூடக் காலியில்லையாம். கன்று கொடுத்தவர்கள் என்று எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். நல்ல பச்சை. முழங்கால் உயரத்துக்குத் தளிர் விட்டிருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் கண் வைப்பார்கள்.

சுற்றுவட்டார விவசாயிகள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். இதே கன்று எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். தொப்பிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

"இவங்ககிட்டதான்," என்றார்.