கதவின் கண்ணுக்குத் தெரியாத அக்கா

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

என்னோடு சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் நம் தெரு அக்காவும் நானும் இளைப்பதற்காக ஒரு மாதம் ஒருவேளைக் கஞ்சியோடு கிடந்தோம். முந்தாநாள், கூடத்து வாசலில் ஆள் வந்தால் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு அக்காவுக்குத் திறக்கவில்லை. கதவில் முகத்தை ஒட்டி நின்றாள். கண்ணாடியில் மூச்சின் ஈரம்கூடப் படியவில்லை. நான் போனதும் திறந்தது.

"பாத்தியா? கதவு கண்ணுக்கே நான் தெரியல!" என்று சந்தோஷமாகச் சிரித்தாள்.

நான் பயந்துபோய் அன்றே வயிறாரச் சாப்பிட்டேன். இனி அளவாகத் தின்று, தினமும் நடந்து, மெதுவாகவே இளைக்கிறேன். "நீயும் சாப்பிடுக்கா" என்றதற்கு, "இப்பத்தான்டி லேசா இருக்கேன்" என்றாள்.

அக்காவின் அம்மாவிடம் சொல்லி, போனில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வை. நேற்றிலிருந்து நான் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை; அம்மா குரலுக்காவது திரும்பட்டும். வேலை மணி அடித்துவிட்டது, வருகிறேன்.

உன் மகள்