விளக்கின் உச்சிக் கட்டு

கசோங்கான்
19 ஆகஸ்ட் 1997

அன்புள்ள கெர்சோன் மச்சானுக்கு,

தெஹென் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். படகோட்டி இதை உங்கள் கையில் மட்டும்தான் தருவான். உங்கள் தங்கை லாமியாங் பக்கத்தில் இருந்தால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்த் தனியாகப் படியுங்கள். அவளுக்கென்று வேறொரு கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் எல்லாம் நல்ல சேதி, பாதி பொய்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. உங்கள் தங்கைக்குக் கால் வீங்கியிருக்கிறது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி சொல்கிறாள், இன்னும் நாள் இருக்கிறது திரும்பிவிடும் என்று அத்தை சொல்கிறார்கள். இதை நாலு வரியில் முடித்துவிட்டு ரப்பர் மரங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மச்சான், நான் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தகப்பன் எதையும் கட்டக் கூடாது, முடிச்சுப் போடக் கூடாது என்று அத்தை எவ்வளவு சொன்னார்கள். நான்தான், "விளக்குக் கட்டுறவன் கட்டாம எதத் திம்பான் அத்தே?" என்று கேட்டுச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அந்த ஒன்பது மாதமும் பிரம்பு விளக்குகளில் நாளுக்கு ஐம்பது கட்டுப் போட்டேன். பிள்ளை கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றிப் பிறந்தது. பெட்டிக்கு ஆணி கிடைக்காமல் மூடியை நாரால் கட்டினோமே, அதையும் கட்டியது நான்தான். அன்றைக்கு யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால் இந்த முறை பிப்ரவரியிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கைலியைக்கூட முடிந்து உடுத்துவதில்லை. இடுப்பில் வெறுமனே செருகிக்கொள்வேன். கடைத்தெருவில் இரண்டு தடவை அவிழ்ந்து என் மானம் போனதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், சிரித்தும் இருப்பீர்கள். அரிசிப் பை வாய் திறந்தே கிடக்கிறது, எறும்புக்குக் கொண்டாட்டம். பட்டறையில் பிரம்பைப் பிளப்பது, சீவுவது, நெருப்பில் காட்டி வளைப்பது மட்டும் என் வேலை. கட்டுகிற வேலை முழுக்கப் பட்டறைக் கூட்டாளி சலுண்டிக்கினுடையது. அவன் முணுமுணுத்தாலும் செய்தான். நல்லவன்.

ஜூலை கடைசியில் பாலங்கராயாவிலிருந்து ஒரு அம்மா பெரிய தொங்கு விளக்கு கேட்டிருந்தார். சுரைக்காய் வடிவம், இடுப்பு உயரம். இருபத்துநான்கு பிரம்புகளை வளைத்து உச்சியில் ஒன்றுசேர்த்துக் கட்ட வேண்டும். முழுப் பாரத்தையும் தாங்குவது அந்த உச்சிக் கட்டுதான். சலுண்டிக் பிரம்புகளைச் சேர்த்துப் பிடித்திருந்தபோது ஒன்று நழுவியது. "பிடிடா!" என்று கத்தினான். பிடித்தேன். பிறகு குனிந்து பார்க்கிறேன், ஈர நாரை ஏழு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பூட்டியாயிற்று. பதினாறு வருடம் பழகிய கை, மச்சான். என்னைக் கேட்கவில்லை.

அப்போதே அவிழ்த்திருக்க வேண்டும். சுற்றி நாலு பேர் இருந்தார்கள், வெட்கமாக இருந்தது. காலையில் முதல் ஆளாக வந்து அவிழ்க்கலாம் என்று பேசாமல் வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் லாரி அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. போனால் போகட்டும், ஒரே ஒரு கட்டுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உங்கள் நாலு வரி வரும்வரை தேறியும் இருந்தேன்.

நாளை அந்த விளக்கைத் தேடிப் போகிறேன். அத்தையிடம் ஒன்று கேட்டு வையுங்கள், என் பெயர் வேண்டாம், வேறு யாருக்கோ நடந்ததுபோல் கேளுங்கள்: தாமதமாக அவிழ்த்தாலும் கணக்கில் சேருமா? உங்கள் வீட்டிலும் பெட்டி, மூட்டை, வலை, எது கட்டியிருந்தாலும் அவிழ்த்துவிடுங்கள். பைத்தியக்காரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, நினைத்துக்கொண்டே அவிழ்த்துவிடுங்கள்.

பணிவுள்ள,
தெஹென்


கசோங்கான்
29 ஆகஸ்ட் 1997

அன்புள்ள மச்சானுக்கு,

தெஹென் எழுதுவது. இதைப் படித்ததும் நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். அது கடைசியில் இருக்கிறது. முதலிலேயே அங்கே தாவாமல் வரிசையாகப் படியுங்கள், இல்லையென்றால் உங்களுக்குக் கோபம்தான் வரும்.

காடு எரிகிற புகையில் பகலிலேயே லாரிக்காரன் விளக்குப் போட்டு ஓட்டினான். மூன்று நாள் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். நூர்லைலா அம்மா, பஞ்சார் இனத்தவர். கணவர் சாலைத் துறை அதிகாரி. சாப்பாட்டு மேசைக்கு மேலே என் விளக்கு தொங்குகிறது. சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. கூரையெல்லாம் கோடு கோடாக நிழல். அதன் கீழே நிற்க எனக்குக் கால் கூசியது.

விளக்கின் உச்சிக் கட்டு சரியில்லை, விழுந்துவிடும், சரிசெய்ய வந்தேன் என்று புளுகினேன். அந்த அம்மா மேலே பார்த்துவிட்டு, "மூணு வாரமாத் தொங்குது, இம்மி அசையல. விழுற விளக்கு உன்னக் கேட்டுட்டா விழும்?" என்றார். கணவர் பத்திரிகையை இறக்காமலே, "இதக் கழட்டிட்டுப் போயி வேற எவன் தலையிலயோ கட்டப் பாக்குறான். கதவச் சாத்து" என்றார். நின்ற இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். முதல் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன்.

அந்த அம்மா, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டார். எட்டு என்றேன். அவ்வளவுதான், மேசையில் இருந்த தட்டுகளை எல்லாம் தானே எடுத்து உள்ளே வைத்தார். "ஏறுப்பா. ஏணிய நான் புடிச்சுக்கிறேன்." கணவர், "அப்ப நான் இருட்டுலயா சாப்புடுறது?" என்று கேட்டதற்கு, "இத்தன வருசமா சாப்புடுறீங்க, வாய் எங்க இருக்குன்னு தெரியாதா?" என்று ஒரே போடாகப் போட்டார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மேலே ஏறி உச்சியில் கை வைத்தேன். மச்சான், அது என் கட்டு இல்லை.

நான் இடக்கைக்காரன். என் நார் இடப்பக்கம் சுற்றும், வால் இடப்பக்கம்தான் செருகியிருக்கும். இது வலப்பக்கம் சுற்றியிருந்தது. இரண்டு தடவை தடவிப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சந்தேகமே இல்லை. இருந்தாலும் வந்ததற்கு அவிழ்த்தேன். இருபத்துநான்கு பிரம்பும் படபடவென்று விரிந்தன. கீழிருந்து, "அவுந்துச்சா?" என்று கேட்டார். அவிழ்ந்தது என்று சொல்லிவிட்டு ஏணியிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தேநீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார்.

திரும்பி வந்து சலுண்டிக்கைப் பிடித்துக் கேட்டேன். "நீ வீட்டுக்குப் போன கையோட அவுத்துட்டு நானே கட்டுனேன்டா. நீ கவனிக்கலன்னுல்ல நெனச்சேன்! கவனிக்காதவன்கிட்ட சொல்லிப் பயமுறுத்துவானேன்னு விட்டுட்டேன்" என்றான். அப்புறம் முதுகில் ஒரு தட்டு: "உன் முடிச்சு ஒரு ராத்திரிகூட நிக்கல. போ, போயி நிம்மதியாத் தூங்கு."

நிம்மதியாம். அன்றிலிருந்துதான் எனக்கு உண்மையான பயம் பிடித்திருக்கிறது. முடிச்சு இருந்தவரை அவிழ்த்தால் சரியாகிவிடும் என்று ஓடினேன். இப்போது எதை அவிழ்ப்பது? என் முடிச்சு இல்லாமலே பிள்ளை குறுக்கே கிடக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஜூனில் இங்கே சுகாதார நிலையத்துக்கு லாமியாங்கைக் கூட்டிப் போனேன். அவள் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நர்சம்மா என்னை மட்டும் நிறுத்தினார். "மொதப் பிரசவம் அப்படி ஆயிருக்கு. மேலாத்துல அம்மா வீட்டுக்கெல்லாம் அனுப்பாதீங்க. பாலங்கராயா ஆஸ்பத்திரியிலதான் வச்சுப் பாக்கணும். தேவைப்பட்டா அறுத்துத்தான் எடுக்கணும்" என்றார். அறுத்து என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. வெளியே வந்து, எல்லாம் நல்லாயிருக்காம் என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். அடுத்த வாரம் அத்தை ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. படகில் தலையணை வைத்து நானே ஏற்றிவிட்டேன். கையை அடக்கிக்கொண்டு இருந்தால் போதும், கத்தி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நம்பினேன். அத்தையிடம் எதிர்த்துப் பேசவும் பயம். மூன்று மாதமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. திட்டுங்கள், நேரில் வந்து அடியுங்கள், ஆனால் அவளோடு வாருங்கள்.

இந்தக் கடிதம் கொண்டுவருகிற படகு வியாழக்கிழமை திரும்புகிறது. ஆறு வற்றிக்கொண்டே போகிறது. இதற்கப்புறம் பெரிய படகு மேலே வராது, மழை பிடிக்கும்வரை சின்ன ஓடம்தான், அதையும் மணலில் இறங்கி இழுக்க வேண்டும் என்று படகோட்டி சொல்கிறான். அந்த உடம்போடு அவளால் ஆகாது. படகின் நடுவில் மெத்தை விரித்து, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மருத்துவச்சியையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். அத்தை ஆகாது என்று சத்தம் போடுவார்கள். மாப்பிள்ளை கோழை, பொய்யன், மூன்று மாதம் ஏமாற்றியிருக்கிறான் என்று எல்லாப் பழியையும் என் மேல் போடுங்கள். எதுவும் பொய்யில்லை. நூர்லைலா அம்மா வீடு ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. பிரசவத்துக்கு இங்கே கொண்டுவந்தால் அதுவரை தன் வீட்டில் தங்கலாம் என்று அன்றைக்குத் தேநீர் கொடுக்கும்போதே அவரே சொல்லிவிட்டார்.

ஞாயிறுதோறும் சபையில் பிள்ளைக்காக ஜெபம் பண்ணுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லுங்கள். நான் ஜெபம் பண்ணும்போது லாமியாங் பெயர் மட்டும்தான் வாயில் வருகிறது. பிள்ளையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, இரண்டு பேரையும் கேட்டால் பேராசை ஆகிவிடுமோ என்று நாக்கு எழவில்லை. இதற்காகக் கடவுள் பிள்ளை மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளையை நீங்கள் எல்லோரும் கேளுங்கள், மச்சான், விடாமல் கேளுங்கள். எனக்கு உங்கள் தங்கையை வியாழக்கிழமை படகில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுங்கள்.

துறையிலேயே காத்திருக்கும்,
தெஹென்